பெரிய பாயும் மச்சாளின் உச்சந்தலையும்

எங்கள் வீட்டுக்கு அந்தப் படகு வந்ததற்குக் காரணம் என் கணவர். அதில் அவர் ஒரே ஒரு தடவைதான் ஏறினார் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பாசிக்குடாப் பக்கத்து ஹோட்டல் ஒன்று தன் பழைய விளையாட்டுப் படகுகளைக் கழித்துவிட்டபோது, அவர் ஒன்றை லொறியில் ஏற்றி வந்து எங்கள் வீட்டு வளவின் பின்பக்கம், வாவிக் கரையில் இறக்கினார். ஒடுங்கிய வெள்ளை உடல்கள் இரண்டு, அவற்றுக்கு நடுவே இறுக்கிக் கட்டிய துணி மேடை, மேலே தென்னையளவு உயரத்தில் ஒரு பாய்மரம். ஊரார் அதற்கு ‘ரெட்டத் தோணி’ என்று பெயர் வைத்தார்கள். கணவர் அதில் ஏறிக் கல்லடிப் பாலம் தெரிகிற தூரம் வரை போய்த் திரும்பி வந்து, கரையில் குந்தியிருந்து வாந்தி எடுத்தார். அலையே இல்லாத வாவியில் வாந்தி எடுத்த முதல் மட்டக்களப்பான் இவராகத்தான் இருக்கும் என்று வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரிடமும் நான் இன்றைக்கும் சொல்வதுண்டு. அவரும் சிரித்துக்கொண்டு தேத்தண்ணி ஊற்றப் போய்விடுவார்.

அவர் கைவிட்ட படகு என் கைக்கு வந்தது. நான் தையல்காரி. கல்யாண பிளவுஸ், பள்ளிக்கூட யூனிஃபோம், திரைச்சீலை என்று துணியோடுதான் என் பொழுது போகிறது. படகோடு வந்த பைகளில் ஒன்றை அவிழ்த்தபோது என் கை அப்படியே நின்றுவிட்டது. உச்சியில் மஞ்சள், அடியில் சிவப்பு. குடைத்துணியை விட மெல்லியது, தொட்டால் சரசரத்தது. விறாந்தையில் விரிக்க இடம் காணவில்லை. முற்றத்தில் விரித்தோம், ஒரு மூலை கிணற்றடிக்குப் போய்விட்டது. கணவர் ஃபோனில் தேடிப் பார்த்து, அதன் பெயர் ஸ்பின்னேக்கர் என்றார். எங்கள் வாயில் அது ‘பெரிய பாய்’ ஆகிவிட்டது. காற்று முதுகுப் பக்கமாக வரும்போது மட்டும் படகின் மூக்குக்கு முன்னால் ஏற்றுகிற பாய் அது. எங்கேயோ இருக்கிற ஒரு தையல்காரர் தட்டைத் துணியைத் துண்டு துண்டாக வெட்டி, மூட்டி, அதற்கு ஒரு வயிறு வைத்திருந்தார். அந்த வெட்டைப் பார்த்த பிறகு அதைக் காற்றில் பார்க்காமல் இருக்க எனக்குப் பொறுக்கவில்லை.

ஆனால் அந்தப் படகுக்கு இரண்டு பேர் வேண்டும். சுக்கானில் ஒருவர், கயிறுகளில் ஒருவர். சுக்கானில் நான்தான் என்று நானே முடிவு செய்துகொண்டேன். மற்றவர்களின் கையில் ஒரு காரியத்தைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருக்க எனக்குத் தெரியாது. கயிறுகளுக்கு என் மச்சாளைக் கேட்டேன். கணவரின் தங்கச்சி. மாமியும் அவளும் எங்களுக்கு அடுத்த வளவு. சிறுபிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறாள். பள்ளிக் காலத்தில் வலைப்பந்து விளையாடிய கைகள் அவளுக்கு. தேங்காய் உரிக்கிற அலவாங்கை ஒரு கையால் பிடுங்கி நடுவாள். கேட்டேனே தவிர, வருவாள் என்று நான் நினைக்கவில்லை.

காரணம் இருக்கிறது. சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த வருடம் அவள் சின்னப் பிள்ளை. அப்போது அவர்கள் வீடு கடற்கரைப் பக்கம். தண்ணீர் வீட்டுக்குள் புகுந்து பிள்ளையை இழுத்துக்கொண்டு போனபோது, மாமி ஒரு கையால் தென்னையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மறு கையால் மகளின் தலைமுடியை எட்டிப் பிடித்தார். முடி மட்டும்தான் கைக்கு எட்டியது. அதைப் பிடித்துத்தான் அவளை இழுத்து எடுத்தார். அதற்குப் பிறகு மச்சாள் கடற்கரைக்குப் போனதில்லை. வாவிக் கரையில் குடியிருந்தும் வாவியில் கால் நனைத்ததில்லை. வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசுவதுமில்லை. அப்படிப்பட்டவள் என் படகைக் கொஞ்ச நாள் வேலிக்கு மேலால் பார்த்தாள். பிறகு ஒருநாள் பின்னேரம் வந்து, “மச்சாள், எனக்கு முதல்ல நீந்தப் பழக்குங்க. மறுகா தோணியப் பாப்பம்,” என்றாள்.

இடுப்பளவு தண்ணீரில் நானும் கணவரும் அவளுக்கு நீச்சல் பழக்கினோம். மாமி கரையில் நின்று எல்லாத் தெய்வங்களையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். லைஃப் ஜாக்கெட்டோடு அவள் முதன்முதலாக மிதந்த அன்று வானத்தைப் பார்த்தபடி சத்தம் போட்டுச் சிரித்தாள். அவளை அப்படிச் சிரித்து நான் கேட்டதே இல்லை. என் பிடிவாதத்தால் நல்லது ஒன்று நடந்திருக்கிறது என்று அன்றைக்குச் சந்தோசமாக இருந்தது.

பெரிய பாயைப் பூட்டுவது வேறு கதை. அதற்கு மூன்று மூலை. உச்சி மூலையை ஏற்றுகயிற்றில் கட்ட வேண்டும். அந்தக் கயிறு பாய்மரத்தின் மேலே இருக்கிற கப்பியில் ஏறி இறங்கும். முன் மூலை படகின் மூக்கிலிருந்து நீண்டிருக்கிற கம்பின் நுனிக்குப் போக வேண்டும். மூன்றாவது மூலைக்கு இடமும் வலமுமாக இரண்டு பிடிகயிறு. பாய் வேண்டாதபோது, கம்புக்குக் கீழே தொங்குகிற நீளமான துணிக்குழாய்க்குள் அது சுருண்டு படுத்துக்கொள்ளும். குழாய்க்குள்ளால் வருகிற இழுகயிறு பாயின் வயிற்றில் கட்டியிருக்கும். ஏற்றுகயிற்றை இழுத்தால் பாய் வெளியே வந்து மேலே போகும். ஏற்றுகயிற்றை விட்டு இழுகயிற்றை இழுத்தால், வயிறு முதலில் உள்ளே போய் மற்றதெல்லாம் பின்னால் போகும். சட்டைக் கையை உள்பக்கமாக இழுத்துத் திருப்புவது போலத்தான். அதைப் பார்த்தவுடனேயே எனக்கு விளங்கிவிட்டது.

விளங்கியது என்று நினைத்துக்கொண்டேன். முதல் நாள் மூலை மாறிக் கட்டி, பாய் பக்கவாட்டில் ஏறியது. அளவெடுத்துச் சட்டைக் கை வெட்டுகிறவள் நான், கையைக் கழுத்தில் தைத்தது போல நின்றேன். அடுத்த முறை பிடிகயிறு, பாய்மரத்தை முன்னால் இழுத்துப் பிடிக்கிற கம்பிக்கு உள்பக்கமாகப் போய்விட்டது, பாய் நடுவில் முறுகி இரண்டு பலூனாகிவிட்டது. இன்னொரு நாள், இழுகயிற்றைத் தொய்வில்லாமல் எடுக்க முதலே நான் “விடு, விடு!” என்று கத்த, மச்சாள் ஏற்றுகயிற்றை விட்டுவிட்டாள். பாய் முழுவதும் தண்ணீரில் விழுந்தது. படகு அதன் மேலே ஏறியது. இழுத்து எடுத்தபோது பாயின் வயிற்றுக்குள் சாதாழைப் பாசியும் சேறும் கொஞ்ச இறாலும் இருந்தன. பக்கத்தில் தோணியில் வலை இழுத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

“என்னகா, எவ்வளவு பட்டிச்சி?”

“ஒரு இறால் சுண்டலுக்குக் காணும் அண்ணன்,” என்றாள் மச்சாள்.

எனக்கு வந்த கோபத்தில் அந்த இறாலை வாவியிலேயே கொட்டிவிட்டேன். சுண்டல் போயிற்றே என்று அவள் வீடு வரும்வரை சொல்லிக்கொண்டு வந்தாள்.

பிழை பிழையாகச் செய்து கடைசியில் பழகிவிட்டோம். காற்றுக்கு முதுகைக் கொடுத்து நான் படகைத் திருப்புவேன். மச்சாள் கயிற்றை மாற்றி மாற்றி இழுப்பாள். மஞ்சளும் சிவப்பும் குழாய் வாயிலிருந்து பீறிட்டு மேலே போகும். ஒரு கணம் தொளதொளவென்று அடித்துக்கொள்ளும். பிறகு ‘டப்’ என்று விரியும். அந்த ‘டப்’ கேட்டவுடன் படகு காலுக்குக் கீழே துள்ளும். பிறகு அவள் இடுப்புப் பட்டியைப் பாய்மரத்துக் கம்பியில் கொழுவிக்கொண்டு, படகின் விளிம்பில் எழுந்து நின்று தண்ணீருக்கு மேலே சாய்வாள். கையில் பிடிகயிறு. பாயின் முன் ஓரம் லேசாகச் சுருண்டு விரிகிற அளவுக்கு அதைத் தளர்த்த வேண்டும். சுருளவே இல்லையென்றால் இறுக்கம் அதிகம், ஒரேயடியாகச் சுருண்டால் பாய் விழுந்துவிடும். விசிறிக்குக் கீழே இருக்கிறவளின் சீலைத் தலைப்பு ஆடுமே, அந்த அளவு. நான் சொல்லிக்கொடுக்காமலே அது அவளுக்கு வந்தது. பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்புப் பிள்ளைகளையும் கண்ணாலேயே அடக்குகிறவளுக்கு ஒரு பாயை அடக்க முடியாதா?

அவளுக்கு வந்தது எனக்கு வரவில்லை. சிக்கல் சுக்கானில்தான். எங்கள் வாவித் தோணிக்காரர் எல்லாருக்கும் தெரிந்த ஒன்று உண்டு. வழமையான சின்னப் பாயோடு போகும்போது பலத்த காற்று அடித்தால், படகின் மூக்கைக் காற்றின் பக்கம் திருப்ப வேண்டும். பாய் வெறும் துணியாகிவிடும், படகு நிமிர்ந்துவிடும். பெரிய பாயில் அப்படிச் செய்தால் கதை முடிந்தது. காற்று அடிக்க அடிக்க அதோடு சேர்ந்து விலகி ஓட வேண்டும். என்னை ஒருவர் ஒரு வார்த்தை சொன்னால் நின்று திரும்பி இரண்டு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் நான் போவேன். காற்றிலும் அப்படியே செய்தேன். ஒவ்வொரு தடவையும் படகு தன் இரண்டு உடல்களில் ஒன்றைக் கால் போலத் தூக்கியது, பாய்மரம் சாய்ந்தது, நாங்கள் இரண்டு பேரும் தண்ணீரில் கிடந்தோம்.

“காத்தோட சண்ட புடிக்காதீங்க மச்சாள். அது உங்கட மாமி இல்ல,” என்று தண்ணீருக்குள் இருந்தபடி மச்சாள் சொன்னாள்.

மாமியோடும் நான் பெரிதாகச் சண்டை பிடித்ததில்லை என்பது வேறு விசயம். ஆனால் இந்த விசயத்தில் மாமி பேச்சுக்கு இடம் கொடுக்கவில்லை. நாங்கள் கரைக்கு வந்தவுடன் அவர் வேலிக் கதவைத் திறந்துகொண்டு வருவார். மகளை நிற்கவைத்து, அவளுடைய உச்சந்தலையில் உள்ளங்கையை வைப்பார். பின்னலின் நுனி நனைந்திருந்தால் ஒன்றும் சொல்லமாட்டார், அது தெறித்த தண்ணீர். உச்சி நனைந்திருந்தால் படகு கவிழ்ந்திருக்கிறது என்று அர்த்தம். கவிழ்ந்த நாட்களில் அவருடைய விரல்கள் அந்த ஈர முடியைக் கொத்தாகப் பிடித்துக்கொள்ளும். அதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருக்கும். மீதித் துணியில் மச்சாளுக்கு ஒரு தொப்பி தைத்துப் பார்த்தேன், தண்ணீர் உள்ளே போகாதபடி இரட்டைத் தையல் போட்டு. மாமி தொப்பிக்குள் விரலை விட்டுப் பார்த்துவிட்டார். அன்றைக்குத்தான் அவர் வாயைத் திறந்தார்.

“இன்னொருக்கா இவள்ற உச்சி நனஞ்சிதெண்டா, மறுகா இவள் இந்தத் தோணில ஏற மாட்டாள். சொல்லிப்போட்டன்.”

மச்சாள் வளர்ந்த பெண், ஆசிரியை, சம்பளம் எடுக்கிறவள். ஆனாலும் “ஓம் அம்மா” என்றாள். அந்தக் கையோடு வாதாட அவளால் முடியாது. எனக்கும் முடியவில்லை. அவள் போனால் எனக்குப் படகு இல்லை என்பது ஒரு பக்கம். அதை விட, அவள் திரும்பவும் வேலிக்கு மேலால் வாவியைப் பார்த்துக்கொண்டு நிற்பாள் என்பதை நினைக்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

அதற்குப் பிறகு நான் காற்றோடு சண்டை பிடிப்பதை விட்டேன். அடித்தால் விலகு, அடித்தால் விலகு என்று தையல் மெசினில் இருக்கும்போதும் சொல்லிக்கொண்டிருந்தேன். பிளவுஸ் எடுக்க வந்த ஒரு பெண் என்னவோ ஏதோ என்று பயந்து, பிறகு வாறன் என்று போய்விட்டாள். ஒருநாளும் கவிழவில்லை. மாமியின் கை ஒவ்வொரு பின்னேரமும் காய்ந்த உச்சியில் இருந்து இறங்கியது.

அப்போதுதான் வாவியில் பாய்ப்படகுப் போட்டி வைக்கப் போகிறார்கள் என்ற செய்தி வந்தது. எங்களைப் போல ஐந்தாறு படகுகள். பாலத்துக்குத் தெற்கே தொடக்கம். காற்றை எதிர்த்து மேலே போய் ஒரு மிதவையைச் சுற்றி, பெரிய பாயை ஏற்றிக்கொண்டு காற்றோடு இறங்கி, பாலத்துக்கு முன்னால் இருக்கிற செம்மஞ்சள் மிதவையில் பாயை இறக்கித் திரும்பி வந்து முடிக்க வேண்டும். மச்சாள் என்னைக் கேட்காமலே எங்கள் பெயரைக் கொடுத்துவிட்டாள். மாமியிடம் அவளே போய்ச் சொன்னாள். மாமி கொஞ்ச நேரம் அரிசியைப் புடைத்தார். பிறகு, “உச்சி?” என்று மட்டும் கேட்டார்.

“நனையாது.”

போட்டியன்று விடிய வெள்ளன மாமி அமிர்தகழிக் கோயிலுக்குப் போய் வந்தார். எங்கள் இரண்டு பேரின் கையிலும் மஞ்சள் நூல் கட்டிவிட்டார். எனக்குக் கட்டும்போது கொஞ்சம் கூடுதலாகவே இறுக்கினார் என்று நினைக்கிறேன். படகை நாங்கள் ஏற்கனவே பூட்டி, குழாய் வாயில் பாயின் மஞ்சள் தலை எட்டிப் பார்க்கிறபடி தயாராகக் கரையில் விட்டிருந்தோம். உடுப்பு மாற்ற உள்ளே போய் வந்தபோது மாமி படகின் முன்னால் நின்று கும்பிட்டுக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் விலகிவிட்டார். நானும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

போட்டியின் முதல் பாதியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. நாங்கள் நடுவில் போனோம். பாசிக்குடாவிலிருந்து வந்த இளந்தாரிகள் எங்களைப் பார்த்துக் கையசைத்து முந்திப் போனார்கள். அந்தக் கையசைப்பில் எனக்குக் கொஞ்சம் சூடேறியது. மேல் மிதவையைச் சுற்றியதும், “ஏத்து புள்ள!” என்றேன். மச்சாள் ஏற்றினாள். ‘டப்.’

அப்படி ஒரு ஓட்டம் நாங்கள் அதற்கு முன்னால் ஓடியதில்லை. பின்னேரக் கடற்காற்று முதுகில். மச்சாள் தண்ணீருக்கு மேலே சாய்ந்து நின்றாள். இரண்டு உடல்களுக்கும் கீழே தண்ணீர் கிழிகிற சத்தம், புதுச் சீலையை நீளத்துக்குக் கிழிப்பது போல. காற்று அடிக்க நான் விலகினேன். திரும்ப அடிக்கத் திரும்ப விலகினேன். கையசைத்த இளந்தாரிகளை நாங்கள் தாண்டினோம். இந்த முறை மச்சாள் கையசைத்தாள். முன்னால் ஒரேயொரு படகு. செம்மஞ்சள் மிதவை நெருங்கியது. அதற்கு அப்பால் கல்லடிப் பாலம், அதில் பேருந்துகள் போவது தெரிந்தது. எனக்குத் தலைகால் புரியாத சந்தோசம்.

“இறக்கு!”

மச்சாள் உள்ளே வந்தாள். இழுகயிற்றைத் தொய்வில்லாமல் எடுத்தாள். ஏற்றுகயிற்றை விட்டாள். இழுத்தாள். பாயின் வயிறு குழாயை நோக்கி மடிந்தது. ஆனால் தலை இறங்கவில்லை. திரும்ப இழுத்தாள். காலை உதைத்து இழுத்தாள்.

“இறங்குதில்ல மச்சாள்!”

“கயித்த விட்டியா?”

“விட்டுட்டன்! மேல இறுகிட்டு!”

நான் அண்ணாந்து பார்த்தேன். பாயின் மஞ்சள் உச்சி கப்பியோடு ஒட்டிப்போய் இருந்தது. மச்சாள் பிடிகயிறுகளையும் விட்டுப் பார்த்தாள். பாய் முன்னால் கொடி போல அடித்துக்கொண்டதே தவிர, படகு நிற்கவில்லை. திரும்பவும் முடியவில்லை. மற்றப் படகுகள் மிதவையில் திரும்ப, நாங்கள் அதைத் தாண்டி நேரே பாலத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம். பாலத்துக்குக் கீழே எங்கள் பாய்மரம் போகாது. இடப்பக்கம் மீனவர்களின் வலைக்கம்புகள் வரிசையாக நின்றன. யாருடைய வலைக்கு மேலாலும் படகு விடுகிற பழக்கம் இந்த வாவியில் ஒருவருக்கும் இல்லை. வலப்பக்கக் கரை முழுவதும் கல். நான் எல்லாரையும் திட்டினேன். ஹோட்டல்காரரை, கப்பி செய்தவரை, கணவரை. எல்லாரையும் திட்டி முடித்தபோது பாலத்தில் நின்று பார்க்கிறவர்களின் முகம் தெரிந்தது.

பாலத்தை முட்டாமல் நிற்க ஒரே ஒரு வழிதான் இருந்தது. அது என்ன என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். செய்யக்கூடாது என்று நாங்கள் இவ்வளவு நாளும் பழகியது அதைத்தான். பிடிகயிற்றை இறுக்கிக்கொண்டு, மூக்கைக் காற்றின் பக்கம் திருப்பினால் படகு படுத்துவிடும். பாய்மரம் தண்ணீருக்கு வரும். உச்சிக் கப்பி கைக்கு எட்டும். எனக்கு அதைச் சொல்ல வாய் வரவில்லை. வாழ்க்கையில் நான் வாய் அடைத்து நின்ற இடங்கள் மிகக் குறைவு.

மச்சாள் பிடிகயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டாள்.

“கவுத்துங்க மச்சாள்.”

“உச்சி நனையும்டி.”

“நனையட்டும். கிறுகுங்க, சுறுக்கா!”

நான் சுக்கானைத் தள்ளினேன். பாய் ‘டப்’ என்று விரிந்தது, படகு ஒரு காலைத் தூக்கியது, பாய்மரம் மெதுவாகச் சாய்ந்து தண்ணீரில் படுத்தது. நான் மேலே வந்து வாயிலிருந்த உப்பைத் துப்பியபோது மச்சாளைக் காணவில்லை. சுற்றிச் சுற்றித் தேடினேன். பிறகு பார்த்தால், அவள் பாய்மரத்தை ஒட்டியபடி அதன் நுனியை நோக்கி நீந்திப் போய்க்கொண்டிருந்தாள். அடியில் நிலம் எட்டாத இடம் அது. நாங்கள் பழக்கிய நீச்சல்தான், கொஞ்சம் நாய் நீச்சல், கொஞ்சம் வலைப்பந்து. ஆனால் போனாள். நுனியில் குனிந்து என்னவோ செய்தாள். கையால் முடியாமல் வாயை வைத்தாள். பிறகு கையை உயர்த்திக் காட்டினாள்.

திரும்பி வந்தபோது அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். பல்லெல்லாம் மஞ்சள், உதடும் மஞ்சள்.

“என்னடி இது?”

“மஞ்சள் துண்டு. அம்மா நூல்ல வெச்சி பாய்ர தலையில முடிஞ்சிரிக்காங்க. கப்பிக்குள்ள போய் இறுகிட்டு. கடிச்சித்தான் எடுத்தன்.”

மஞ்சள் பாயில் மஞ்சள் நூல். யார் கண்ணுக்குத் தெரியும்? அவள் முடிச்சோடு சேர்த்து நூலை என் முகத்துக்கு நேரே பிடித்தாள். மாமியின் முடிச்சு எனக்குத் தெரியும். அரிசி மூட்டையிலும் அப்படித்தான் முடிவார், அவிழ்க்க ஒரு நாள் வேண்டும். நான் சிரிக்கத் தொடங்கினேன். அவளும் சிரித்தாள். கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் சிரித்த சிரிப்பைப் பாலத்தில் நின்றவர்கள் பார்த்து, எங்களுக்குத் தலையில் அடிபட்டுவிட்டது என்று முடிவு செய்திருப்பார்கள்.

பாயைக் குழாய்க்குள் திணித்தோம். கீழ் உடலில் ஏறி நின்று, கயிற்றைப் பிடித்துப் பின்னால் சாய்ந்து படகை நிமிர்த்தினோம். விட்ட மிதவைக்குத் திரும்பி வந்து சுற்றினோம். கடைசியாக முடித்தோம். நாங்கள் கோட்டைத் தாண்டியபோது முதலில் வந்தவர்கள் பெற்றிஸ் பலகாரமும் தேத்தண்ணியும் முடித்திருந்தார்கள்.

ஆனால் உண்மையான முடிவு எங்கள் வளவுக் கரையில்தான் இருந்தது. அது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். வீட்டை நெருங்க நெருங்கச் சிரிப்பு குறைந்துகொண்டே போனது. மாமி கரையில் நின்றார். பக்கத்தில் கணவர், ஃபோனைச் சட்டைப் பைக்குள் போட்டபடி. போட்டி முழுவதையும் இருவரும் பாலத்தடியில் நின்று பார்த்திருக்கிறார்கள். கவிழ்ந்த படகுக்கு அந்தப் பக்கம் நடந்தது மட்டும் அங்கிருந்து தெரியவில்லை. எங்களுக்கு முன்னால் ஓடி வந்திருக்கிறார்கள். மாமிக்கு இன்னும் மூச்சு வாங்கியது.

நான் மனதுக்குள் ஒரு பெரிய பேச்சையே தயார் செய்து வைத்திருந்தேன். யார் கட்டிய நூல், யார் மகள், யார் போட்ட சட்டம் என்று. மச்சாள் இறங்கி, வழமை போலத் தாயின் முன்னால் போய் நின்றாள். தலையையும் கொஞ்சம் குனிந்து கொடுத்தாள். மாமி உள்ளங்கையை உச்சியில் வைத்தார். தண்ணீர் அவருடைய மணிக்கட்டு வழியாக வழிந்தது. நான் வாயைத் திறந்தேன். அதற்கிடையில் மாமி மகளின் வாயைப் பார்த்துவிட்டார்.

“என்ன புள்ள, வாயெல்லாம் மஞ்சள்?”

மச்சாள் கையை விரித்தாள். ஈர நூல், பாதி கடித்த மஞ்சள் துண்டு. மாமி அதைப் பார்த்தார். பிறகு படகைப் பார்த்தார். பாய்மரத்தை அடியிலிருந்து நுனி வரை பார்த்தார்.

“இதாலயா கவுண்டது?”

“நாங்கதான் கவுத்தினது அம்மா. மறுகா நான் நுனிக்கிப் போய் எடுத்தன்.”

“எப்பிடிப் போன?”

“நீந்தி.”

“ஆர் புடிச்சது உன்ன?”

“ஒருத்தரும் புடிக்கல்ல.”

மாமியின் கை இன்னும் உச்சியில்தான் இருந்தது. இந்த முறை விரல்கள் முடியைப் பிடிக்கவில்லை. நான் தயார் செய்த பேச்சு எங்கே போனதோ தெரியாது. என் கண் நிறைந்துவிட்டது, அதை மறைக்கக் கணவரிடம் திரும்பி, நின்று படம் பிடிக்கத்தான் தெரியுமா, படகை இழுக்கத் தெரியாதா என்று ஏசினேன். அவர் பாவம், ஓடி வந்து இழுத்தார். மாமி மகளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். போன பிறகு வேலிக் கதவு வெகு நேரம் சாத்தியே கிடந்தது.

அடுத்த ஞாயிறு நான் தனியாகக் கரையில் நின்று கயிறுகளைச் சுற்றிக்கொண்டிருந்தேன். வருவாள் என்று எனக்கு நம்பிக்கையில்லை. வேலிக் கதவு திறந்தது. முன்னால் மாமி, பின்னால் மச்சாள், லைஃப் ஜாக்கெட்டோடு. மாமியின் கையில் புது மஞ்சள் நூல். படகைச் சுற்றி ஒருதரம் நடந்து வந்தார், பிளவுஸ் அளவு கொடுக்க வந்தவர் போல ஒவ்வொரு இடமாகத் தொட்டுப் பார்த்தார்.

“மகள், எங்க கட்டினா இறுகாது?” என்று என்னைக் கேட்டார்.

பாய்மரத்தின் அடியைக் காட்டினேன். குந்தியிருந்து கட்டினார். இந்த முறை மஞ்சள் துண்டு வைக்கவில்லை. கட்டி முடித்து எழும்பி, தோளில் கிடந்த, தலை துவட்டுகிற பெரிய துவாயை எடுத்து உதறி, கரையில் கிடந்த கவிழ்த்த தோணியின் மேலே காயப் போடுவது போல விரித்தார். கவனம் என்று அவர் சொல்லவில்லை.

“துவாய் கொண்டந்திரிக்கன்,” என்றார். “போயிற்று வாங்க.”